தட்டானைப் படமெடுக்க வந்தவர்

பேத்தி கல்யாணத்தன்று நாகல் நகர் மண்டபத்து வாசலில் ட்ரோன் கேமரா ஒன்று எங்கள் தலைக்கு மேலே வந்து அசையாமல் நின்றது. பெண்களெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேலே பார்த்தார்கள். நான் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்து பார்க்க, அது எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிற்கும் தட்டான்பூச்சி மாதிரியே இருந்தது. கூடவே அத்தை ஞாபகமும் வந்துவிட்டது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்களுக்குக் கனகாம்பரத் தோட்டம். அப்பாவின் தங்கையான அத்தைதான் தினமும் பூ எடுப்பாள். ஒட்டன்சத்திரத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி, பூ வைத்து உறுதிசெய்ய வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கழுத்தில் கேமராவோடு ஓர் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். காந்திகிராமத்துப் பக்கம் குடியிருப்பதாகவும், பறக்கிறதைப் படமெடுப்பதில் பிரியம் என்றும், தொட்டியோரம் செத்த நேரம் நின்றுகொள்ளட்டுமா என்றும் அப்பாவிடம் கேட்டார். அப்பா சரியென்று தலையாட்டினார். ஆட்டி முடித்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்பாவின் கண்ணில் வந்தவர் முதலில் நிலத்தை அளக்க வந்த சர்க்கார் ஆள் ஆனார். மதுரைப் பக்கமிருந்து ஒரு விமானம் போனபோது கேமராவை அதற்கும் தூக்கினார் என்று, அன்றைக்கு வேவு பார்க்க வந்தவர் ஆனார். சித்தப்பாவுக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை.

“பூச்சியப் படம் புடிக்க இம்புட்டுத் தூரம் எவன் சைக்கிள் மிதிச்சு வருவான்? தொட்டிக்கு அங்கிட்டு யாரு நின்னு பூ எடுக்கிறதுன்னு பாருங்க” என்றார்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுபோனது. குமரிப்பிள்ளை படம் கைமாறிக் கைமாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் சம்பந்தம் நிலைக்குமா? அதற்காக அத்தையை வீட்டிலும் நிறுத்த முடியாது, பூ காத்திருக்காது. அதனால் என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள்.

நான் கண்கொட்டாமல் காவல் காத்தேன். அந்த ஆள் தினமும் வந்து தொட்டி மேட்டில் முழங்காலிட்டிருப்பார். தட்டான் தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும், அவர் கேமராவைத் திருகி முடிப்பதற்குள் நகர்ந்துவிடும். ஒருநாள் மீன்கொத்தி ஒன்று கிணற்றுக்கு மேல் இறக்கை அடித்தபடியே அந்தரத்தில் நின்றது. அவர் மூச்சுகூட விடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, கேமராவின் சின்ன ஓட்டை வழியே தட்டானைப் பார்க்கச் சொன்னார். தட்டான் மட்டும் துலக்கமாக இருந்தது. பின்னாலிருந்த கனகாம்பரப் பாத்தியெல்லாம் வெறும் ஆரஞ்சுப் புகை.

“றெக்கை தெரியுதா பாப்பா?”

“தெரியல.”

“எனக்கும் படத்துல விழ மாட்டேங்குது. அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வாரேன்.”

எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “முட்டாய் ஏதும் குடுத்தானா?” என்றார்.

அத்தையைப் பற்றியும் ஒன்று கவனித்தேன், ஆனால் அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. பூ எடுக்கும்போது வெயிலுக்குத் தலையில் பழைய துண்டைக் கட்டுகிறவள், அந்த நாட்களில் கட்டவில்லை. தாவணியும் வெளுத்துப் போனதாக இல்லை. வெயில் குறைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் தட்டான் தொட்டியை விட்டுப் பாத்திப் பக்கம் போய் நின்றது. கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியது. அங்கேதான் அத்தை நின்றிருந்தாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சித்தப்பா பாய்ந்து வந்து கேமராவைப் பிடுங்கினார். அதன் முதுகைத் திறந்து, பிலிம் சுருளை உருவி, படம் தெரிகிறதா என்று வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

“வெயில் பட்டா அம்புட்டும் போயிருமுங்க” என்றார் அந்த ஆள்.

“அப்ப என்னமோ இருந்துச்சுன்னு ஒத்துக்கிற.”

தட்டானும் மீன்கொத்தியும் விமானமும் சித்தப்பா கையில் கறுப்பு நாடாவாகத் தொங்கின. ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலிருந்ததே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. அந்த ஆள் கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அதற்கப்புறம் வரவேயில்லை. சம்பந்தத்துக்கும் ஒரு கேடும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை என்னை மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான பக்கத்துலயே இருந்த. உள்ளதச் சொல்லு. அதுல நான் இருந்தேனா?”

அவள் கண் கலங்கியிருந்தது. பயந்துபோயிருக்கிறாள் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. அவளைத் தேற்ற வேண்டும் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

“சத்தியமா இல்லத்த. ஒன்னுலகூட இல்ல. தட்டான மட்டுந்தான் பாத்தாரு. அதுல பின்னாடி யாரு நின்னாலும் புகையாத்தான் தெரியும்.”

அத்தை என் கையை விட்டுவிட்டாள். பாரத்தை இறக்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நான் வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் அவள் தலையில் பழைய துண்டு மறுபடி ஏறியிருந்தது. வெயில் கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.