எதிர்மாடிக்காரி ஊற்றிய தண்ணீர்

போன வாரம் ரதவீதியில், புதிதாக எழும்பியிருக்கும் மூன்று மாடி வீட்டின் உச்சியிலிருந்து ஒரு பெண் கயிற்றில் கூடையை இறக்கினாள். கீழே நின்ற கீரைக்காரி இரண்டு கட்டுக் கீரையைப் போட்டு, "தூக்கு தாயி" என்றாள். கூடை ஆடி ஆடி மேலே போயிற்று. வெற்றிலைப் பொட்டலமும் கையுமாக நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரன், "ஆச்சி, காது கேக்கலியா" என்று கேட்டுவிட்டுப் போனான். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. நான் ரங்கூனில் நின்றுகொண்டிருந்தேன். அதை அவனுக்கு எப்படிச் சொல்ல?

ரங்கூனில் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி இப்படிக் கூடை தொங்கும். கல்யாணமாகி மூன்றாம் மாதம் தென்காசியிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறிப் போனேன், பத்தொன்பது வயது. வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் குமாஸ்தா வேலை. காலையில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். மூன்றாம் மாடியில் ஒரே அறை, தெருவைப் பார்த்து ஒரு மரத் தாழ்வாரம். ஊரில் வாசலில் வந்து நின்றால் "இன்னைக்கு என்ன கொழம்பு" என்று கேட்க நாலு பேர் உண்டு. அங்கே கேட்க ஆளில்லை. பொழுதெல்லாம் வேடிக்கை பார்த்தேன். எந்த வீட்டில் என்றைக்கு என்ன மீன் வாங்கினார்கள் என்பதுவரை எனக்கு அத்துப்படி. மீன் தின்னாத வீட்டில் பிறந்தவளுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள்.

எதிர்மாடியில் ஒரு பர்மாக்காரி. என் வயதுதான், இடுப்பில் கைக்குழந்தை. முதல் நாள் அவள் சுருட்டுப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். எத்தனை நாள் சாத்திக்கொண்டு கிடப்பது? காலையில் அவள் ஒரு கட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசுவாள். சந்தனம் போல, ஆனால் சந்தனமில்லாத ஒரு வாசனை தெரு தாண்டி வரும். நான் என் மஞ்சள் கிழங்கைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தாள். அன்றோடு சிநேகம் ஆகிவிட்டது. குழந்தைக்குப் பல் முளைத்ததை வாயைத் திறந்து காட்டுவாள். நான் முறுக்கு இறக்குவேன். கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த கீழப்பாவூர் அண்ணாச்சி அதை எடுத்துப்போய் அவள் கூடையில் போடுவார். "ரெண்டு பேருக்கும் நான்தான் தபால்காரன்" என்பார். குற்றாலத்தில் சாரல் விழும் மாதம் ஊர் நினைவில் நான் அழுதுகொண்டு நின்றபோது, தன் கன்னத்தில் விரலை இழுத்து, அழுகிறாயா என்று கேட்டாள். ஒரு வார்த்தை பேசாமலே அவ்வளவு பேசினோம்.

அடுத்த சித்திரையில் வீட்டுக்காரர் மில் படகில் ஆற்றோடு மேலே போயிருந்தார். இரண்டு வாரமாகக் கடிதமில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. ஒருநாள் புளி வாங்கக் கீழே இறங்கினேன். கடையில் கூட்டம். பின்னாலிருந்து யாரோ என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். திரும்பினால் இடுப்பில் குழந்தையும் கையில் வெள்ளிக் கிண்ணமுமாக எதிர்மாடிக்காரி.

எங்கள் அக்காவுக்கு அத்தான் செத்த சேதி வந்தபோது யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. முற்றத்தில் நிறுத்தி, உடுத்த சேலையோடு தலையில் ஒரு குடம் ஊற்றினார்கள். பிறகுதான் அழுகை எழுந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். வேறென்ன நினைப்பேன்? குனிந்து தெருமண்ணை வாரி அவள் முகத்தில் தூற்றினேன். "ஒன் குடி மண்ணாப் போவும்ட்டி" என்று கத்தினேன். அவளுக்குப் பேச்சு புரிந்திருக்காது, மண் புரிந்தது. குழந்தையின் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள். குழந்தை மேலும் பட்டிருக்கிறது, பாவி நான்.

அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்தார்.

"என்ன காரியம் செஞ்ச தங்கச்சி? இன்னைக்கு அவங்களுக்கு வருசப் பொறப்புல்லா. வேண்டியவங்க மேல தண்ணி ஊத்துவாங்க. நல்லா இருன்னு அர்த்தம்."

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஒரு வாழைத்தாரோடு முழுசாக வந்து சேர்ந்தார். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து வளர்ந்தவள், ஒரு கிண்ணத் தண்ணீருக்குப் பயந்து ஒருத்தியைச் சபித்திருக்கிறேன்.

எதிர்மாடியில் மூங்கில் தட்டி இறங்கிவிட்டது. "வா, நான் கூட வாரேன். அவ பாஷையில எடுத்துச் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி எத்தனையோ தடவை கூப்பிட்டார். நாளைக்குப் போகலாம் அண்ணாச்சி, என்பேன். எந்த முகத்தோடு போவது? அப்படியே எட்டு மாதம் ஓடியது. தெருவின் அகலம் பதினைந்து அடிகூட இருக்காது.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். பதுங்கிய இடத்திலிருந்து திரும்பி வந்தால் எங்கள் வீடு நிற்கிறது, எதிர்வீடு செங்கல்லாகத் தெருவில் கிடக்கிறது. "அவ முந்தாநாளே புள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிட்டா" என்றார் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் வாய்தான் பலித்துவிட்டதென்று தலையில் அடித்துக்கொண்டேன். "ஜப்பான்காரன் ஒங்கிட்ட கேட்டுட்டா குண்டு போட்டான்?" என்று வீட்டுக்காரர் அதட்டினார்.

எங்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. கடையைப் பூட்டிவிட்டு நடந்தே வருகிறேன் என்ற அண்ணாச்சி கீழப்பாவூர் வந்து சேரவில்லை. அவள் பெயர் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தினமும் பார்க்கிற முகத்துக்குப் பெயர் எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது வீட்டுக்காரரும் இல்லை. அந்தத் தெருவைப் பற்றிப் பேச இந்த ஊரில் யாருமில்லை.

சித்திரை பிறந்தால் விசுவநாதர் கோயிலுக்கு ஒரு தேங்காயோடு போவேன். "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்பார் அர்ச்சகர். பின்னால் இருப்பவர்கள் நெருக்குவார்கள்.

"சாமி பேருக்கே பண்ணிருங்க" என்பேன்.