கூடையைக் கவிழ்த்த சாவடி

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நாம் பார்த்துவிட்டு வந்த மொட்டைச் சுவரைப் பற்றி உங்களிடம் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம் ஊர் அந்த இடத்தோடு முடிந்தது. தாண்டினால் இந்தியா. ரோட்டின் குறுக்கே மூங்கில் தடுப்பு, பக்கத்தில் ஒற்றை அறை, நாலைந்து சிப்பாய்கள். அவர்களில் ஒருவர் என் தாத்தா. ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் தடுப்பு போனது. அறையில் கொஞ்ச காலம் தார் டிரம் அடுக்கியிருந்தார்கள். பிறகு கூரையும் போய், சுவர் மட்டும் மிச்சம்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் வருஷா வருஷம் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பதைப் பார்த்து எனக்கொரு ஏக்கம். என் தாத்தாவும் துப்பாக்கி பிடித்தவர்தானே! அதனால்தான் அந்தச் சுவரடியில் சாமந்தி மாலை வைத்து, உங்களை சல்யூட் அடிக்கச் சொன்னேன்.

சுவர் நிழலில் மீன் விற்கிற அக்கா சிரித்தார். "இன்னா சார், இது எதனா சாமியா? தெரியாம இத்தினி நாளு இங்கியே குந்திகினு இருக்கேனே!"

"எங்க தாத்தா இங்க சிப்பாயா இருந்தாருக்கா. எல்லையக் காத்தவரு."

அக்காவின் சிரிப்பு நின்றது. "எங்கம்மா வைத்திக்குப்பத்துலேர்ந்து மீன் கூடைய தூக்கிகினு இப்டித்தான் போவும். இந்தியா கொடி, சுதந்திர நோட்டீசு ஒளிச்சி எடுத்துகினு போறியான்னு ரோட்டுல கவுத்துடுவாங்களாம். பூட்ஸ் காலால கிளறுவாங்களாம். மண்ணு ஒட்டுன மீன எவன் வாங்குவான்? அன்னிக்கி ஊட்ல ஒல கெடையாது."

அப்போதே நான் தலை குனிந்திருக்க வேண்டும். மாறாக, "அது அவரு டியூட்டி. உங்கம்மா ஒழுங்கா நின்னு காட்டியிருந்தா ஏன் கவுக்கப் போறாரு?" என்றேன். நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

"ஆமா சார், டியூட்டிதான்," என்று அவர் செதில் உரிக்கக் குனிந்துகொண்டார்.

வண்டியில் வரும்போது பாப்பா கேட்டாள்: "அப்பா, கொள்ளுத்தாத்தாவும் மீன மிதிச்சாரா?"

"வாய மூடு," என்றேன்.

மிதித்திருப்பார், பாப்பா. நாலைந்து பேர் இருந்த இடத்தில் வேறு யார்? ஆனால் அதை நான் பார்க்கவில்லை. அந்த அக்காவின் அம்மாவைக் குற்றம் சொன்னது என் வாய். அதனால்தான் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போகுமுன் அங்கே போனேன், மன்னிப்புக் கேட்க. அவர் இன்னும் வரவில்லை. காத்திருக்கத் தைரியமும் இல்லை. அவர் உட்காரும் இடத்தில் யாரோ பாட்டிலை உடைத்துப் போட்டிருந்தார்கள். சில்லுகளைக் கையால் பொறுக்கி, பழைய பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு, தட்டாஞ்சாவடிப் பட்டறைக்கு வண்டியைத் திருப்பினேன்.