மூன்றாவது ஸ்டேஷனில் பதினொரு பேர்

ஆயிரத்து நூற்றெட்டு, ஆயிரத்து நூற்றொன்பது என்று உதடு மட்டும் அசைய நடந்துகொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பதில் சொல்லாமல் ஒரு விரலை உயர்த்துவார். விஷயம் தெரியாதவர்கள் வேறு அவசரம் என்று நினைத்து வேலி ஓரத்தைக் காட்டுவார்கள். ஆயிரத்து இருநூற்று ஐம்பது தப்படி ஆனால் ஒரு கிலோமீட்டர். அங்கே நின்று, மூச்சு வாங்கி, நோட்டில் குறித்த பிறகுதான் பேச்சு.

அவர் நடப்பது ஒரு காலத்தில் ரயில் போன பாதை. முப்பத்துநான்கு கிலோமீட்டர், ஆறு ஸ்டேஷன், காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி. நிறுத்தி முப்பத்தேழு வருஷம் ஆகிறது. இன்று இருப்பது முள் மண்டிய மேடும், அதற்குக் கீழே ஜல்லியும்தான். கையில் குடை வைத்திருப்பார், மழைக்கு அல்ல, முள்ளை ஒதுக்க. பையில் ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்ட். சிறுபாலங்களின் மேல் மங்கிப்போன எண்களைத் திரும்ப எழுதுவார். தண்ணீரும் போகாத, வண்டியும் வராத பாலத்துக்கு எண் எதற்கு என்று கேட்டால், "அதுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானே" என்பார்.

ரயில்வேயில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. புள்ளிவிவர அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் வழிநெடுக அவருக்கு 'ஜல்லி சார்' என்றுதான் பெயர். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு கல்லை எடுத்து, லேபிள் ஒட்டி, வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே மலைக் கல், ஒரே நிறம். "கல்லுக்கு லேபிள் ஒட்டுற நேரத்துல உங்க மாத்திர டப்பாவுக்கு ஒட்டியிருந்தா உருப்படியா இருந்திருக்கும்" என்று அவர் மனைவி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராத்திரி மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, பத்தாவது கிலோமீட்டரில் தூங்கிவிழுந்த மனிதர் அவர்.

வண்டியை நிறுத்திய பிறகு, தண்டவாளத்தைப் பெயர்க்கக் காண்டிராக்டர் வருவதற்குள் சுற்றுவட்டாரமே ஒரு கை பார்த்துவிட்டது. ஒருவர் வீட்டில் மாடிக்குத் தாங்கலாகத் தண்டவாளம். இன்னொருவர் வீட்டில் ஸ்டேஷன் பெஞ்சு, அதன் மேல் ரயில்வே முத்திரை பளிச்சென்று இருக்கிறது. இவர் கேமராவை எடுத்தாலே குறுக்கே வந்து நின்றுகொள்வார்கள். "சார், இது எங்க தாத்தா செஞ்சது" என்பார்கள். இவரும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் "தாத்தாவுக்கு நல்ல கை" என்று குறித்துக்கொள்வார். யாரையும் மாட்டிவிட்டதில்லை. மாட்டிவிட இன்று யார் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் ஒரு புத்தகத்துக்காக. ஆறு ஸ்டேஷனுக்கு ஆறு அத்தியாயம். ஐந்து தயார். அச்சகத்துக்காரர் மாதம் ஒருமுறை போன் செய்வார்.

"சார், மூணாவது ஸ்டேஷன் எங்க சார்?"

"வந்துட்டே இருக்கு."

"எட்டு வருஷமா வந்துட்டே இருக்குதே. அந்த வண்டிகூட இவ்வளவு லேட்டா வந்ததில்லையாம்."

சிரித்துவிட்டு போனை வைப்பார். வைத்த பிறகு முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது. களைப்பு என்று மனைவி நினைக்கிறாள். களைப்புதான், ஆனால் நடந்ததால் வந்த களைப்பு அல்ல.

ரயிலை நிறுத்துவதற்கு முந்தைய வருஷம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஏழு நாள் எண்ணினார்கள். மூன்றாவது ஸ்டேஷனுக்குப் புள்ளிவிவர அலுவலகம் தற்காலிக வேலையில் அனுப்பிய இருபத்துநான்கு வயது இளைஞன் இவர்தான். பிளாட்பாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பிளாட்பாரம் வழியாக ஏறுகிறவர்களை எண்ணவும் என்று தாளில் போட்டிருந்தது. எண்ணினார். வண்டிக்குப் பதினொரு பேர்.

ஊர் இருந்தது தண்டவாளத்துக்கு மறுபக்கம். பிளாட்பாரத்துக்கு வர வேண்டுமானால் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய நடை நடக்க வேண்டும். எவன் நடப்பான்? ஊரே அந்தப் பக்கத்தில் தரையில் நின்று, கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறும். வண்டி வந்து நின்றால் அவர்களை மறைத்துவிடும், போனால் அவர்களும் போயிருப்பார்கள். இரண்டாம் நாள் பென்சில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், சக்கரங்களுக்கு நடுவே அந்தப் பக்கத்துக் கால்களைப் பார்த்தார். செருப்புக் கால், வெறுங்கால், பள்ளிக்கூட ஷூ, வரிசையாக. மேலதிகாரியிடம் சொன்னபோது, "தாள்ல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யி, போதும்" என்றார் அவர். மிச்ச ஐந்து நாளும் இவர் தாளில் போட்டபடி செய்தார். பென்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பாதையை மூடிய உத்தரவில் அந்தப் பதினொன்று இருக்கிறது. அதன் நகலை அவரே தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். அதை அத்தியாயத்தில் போட்டால் எண்ணியது யார் என்று போட வேண்டும். அதனால் மூன்றாவது ஸ்டேஷன் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து தப்படியைக் கொஞ்சம் சத்தமாக எண்ணிக்கொண்டு தாண்டிவிடுவார்.

போன மாதம் தாண்ட முடியவில்லை. சரியாக அந்த இடத்தில் பையின் வார் அறுந்து, பெயின்ட் டப்பா உருண்டது. பாதையை ஒட்டி ஒரு தையல் கடை. ஐம்பதைத் தாண்டிய தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்கதானே ஜல்லி சார்? எல்லா ஸ்டேஷன்லயும் உக்காந்து கதை கேக்கறீங்களாம். எங்க ஸ்டேஷன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? பையைக் குடுங்க, தைச்சுத் தரேன்."

பையைக் கொடுத்துவிட்டால் ஓட முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் வாரை மடித்து ஊசிக்கடியில் வைத்தபடியே பேசினார்.

"நான் ஒம்பதாவது படிச்சேன், கடைசி ஸ்டேஷன் பக்கத்துல பள்ளிக்கூடம். வண்டி நின்னதும் படிப்பும் நின்னுச்சு. பஸ்ஸும் கிடையாது, நடக்கவும் முடியாது. பத்தாவது புக்குக்கெல்லாம் அட்டை போட்டு வெச்சிருந்தேன். அந்த அட்டை கசங்காம இன்னும் இருக்கு." நூலைப் பல்லால் கடித்தார். "ஏறுறதுக்கு ஆளே இல்லன்னு நிறுத்திட்டாங்களாம். நிக்க இடம் இருக்காது சார் அந்த வண்டியில."

இவர் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பக்கூட ஒரு ஆள் வந்து பிளாட்பாரத்துல உக்காந்திருந்தான். ஒல்லியா, கையில நோட்டு. நாங்க பெட்டிக்குள்ள ஏறி அந்தப் பக்கத்து ஜன்னல் வழியா பாத்துச் சிரிப்போம். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கறாருடீன்னு."

குடையைக் கீழே வைத்தார். "அது நான்தாம்மா" என்றார்.

மெஷின் நின்றது. அந்த அம்மாள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னை எண்ணுனீங்களா?"

"இல்லம்மா. இந்தப் பக்கத்துல ஏறுன யாரையும் எண்ணல."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

திட்டினால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த அம்மாள் திட்டவில்லை. கையில் இருந்த பையைப் பார்த்தார், மறுபடி மெஷினில் வைத்து மிச்சத் தையலையும் போட்டு முடித்தார். வார் இனி அறுமா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு பையை அவர் மடியில் போட்டார்.

"நோட்டை எடுங்க."

எடுத்தார்.

"முதல்ல நான். எனக்குப் பின்னால என் தங்கச்சி. அப்புறம் பால்காரம்மா, அவங்க மருமக. கம்பவுண்டர் மாமா. அவரை விட்டுடாதீங்க, ஒரு நாள் தவற மாட்டார்."

நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பழகிய கை அதை மறக்கவில்லை. மில்லுக்குப் போன அக்காமார் மூன்று பேர். காது கேளாத கொல்லர். இரட்டைப் பையன்கள். பதினொன்று ஆனபோது பென்சில் தாளின் மேல் அப்படியே நின்றது.

"என்ன சார் நிறுத்திட்டீங்க? இன்னும் முதல் பெட்டியே முடியல. அடுத்தது போஸ்ட்மேன் பொண்ணு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பன்னிரண்டாவது கோட்டை இழுத்தார்.