இன்ஸ்பெக்டரின் பூட்ஸ்

காலில் விழுவது அடிமைப் புத்தி என்று மேடையேறிப் பேசிக் கைதட்டல் வாங்கிய ஒருவன், அந்தக் கைதட்டல் ஓயுமுன், கடைத்தெருவின் நட்ட நடுவில், ஓடுகிற லாரிக்குள் உட்கார்ந்தபடியே குனிந்து, ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரின் பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான்தான் அவன். யாரோ கட்டிவிட்ட கதை என்று இத்தனை காலம் சாதித்துப் பார்த்தேன். பினாங்கில் அன்றைக்குக் கண்ணிருந்தவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருப்பதால் அது எடுபடவில்லை.

ரப்பர் விலை விழுந்து ஊரே படுத்துக் கிடந்த காலம் அது. வேலை போனவர்களை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. நான் துறைமுகத்தருகே ஒரு கொப்பரைக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஒருநாள் கிடங்கு முதலாளியான சீனத் தவுக்கே என்னைக் கூப்பிட்டு, எழுதுகிறவர்கள் தனக்கு இனி அதிகம் தேவையில்லை என்றார். புதிதாக ஒரு லாரி வரப்போகிறது, எழுதவும் தெரிந்து அதை ஓட்டவும் தெரிந்த ஆள் இருந்தால் வைத்துக்கொள்வேன் என்றார். உனக்கு ஓட்ட வருமா என்று மலாயில் கேட்டார். "போலே" என்றேன். முடியும் என்று அர்த்தம். அதுவரை நான் ஓட்டியிருந்தது மைத்துனனின் சைக்கிள் ஒன்றுதான். அதிலும் இறங்குவது மட்டுமே சரியாக வரும்.

சீனப் புத்தாண்டுக்குள் லைசென்ஸோடு வரச் சொன்னார். என் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. லைசென்ஸ் கிடைத்தால் பிள்ளை பினாங்கில் பிறக்கும், கிடைக்காவிட்டால் கப்பலில் பிறக்கும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

இந்த நிலையிலும் நான் சொற்பொழிவை விடவில்லை. கடைத்தெருவில் ஒரு மாடியில் எங்கள் வாசகசாலை இருந்தது. ஊரிலிருந்து வரும் சீர்திருத்தப் பத்திரிகைகளை முதலில் படிப்பவன் நான் என்பதால், படித்ததைப் பிறருக்குச் சொல்லும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன். தமிழன் யார் காலையும் தொடக்கூடாது என்பது அந்த வாரத்துப் பேச்சு. பேச்சுக்கு ஓர் உதாரணம் வேண்டுமே. எங்கள் கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவர், ஆள் குறைத்தபோது, வேலை வாங்கும் மண்டோரின் காலில் விழுந்து வேலையைத் தக்கவைத்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன். கண்ணியம் கருதி அவர் பெயரைச் சொல்லவில்லை. காதுக் கடுக்கனைச் சொன்னேன். சற்றே தாங்கி நடக்கும் இடது காலைச் சொன்னேன். அவர் விழுந்த விதத்தை மேடையில் நடித்தும் காட்டினேன். நல்ல சிரிப்பு.

அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரோடும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். பிறகு எழுந்து, வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதன் பிறகு அவர் வாசகசாலைப் பக்கம் வரவேயில்லை. கருத்து உறைத்திருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன்.

மறுநாளே மோட்டார் ஸ்கூலில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் ஒரு தமிழ் முஸ்லிம். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். பெயர்ப்பலகை பெரியது, அதன் பின்னாலிருந்த கொட்டகை சிறியது. கொட்டகைக்குள் ஈயம் சுமந்து சுமந்து ஓய்ந்துபோன ஒரு லாரி நின்றது. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால் சில சமயம் உயிர் வரும், சில சமயம் சுற்றியவன் தோள்பட்டை இடம் மாறும். நானாவின் முன்னோர்கள் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்களாம். அந்த ஞாபகத்தில் லாரியின் ஸ்டியரிங்கை அவர் சுக்கான் என்றே சொல்வார். விளக்கிச் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. வாயில் எப்போதும் வேர்க்கடலை இருப்பதால் அதற்கு வசதியும் இல்லை. நான் கிளட்சைத் தப்பாக விட்டால் தன் வலது காலை நீட்டி, என் கால்மேலேயே வைத்து அழுத்துவார். அதுதான் பாடம்.

என் கேடு அங்கே தொடங்கியது. தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டால் சட்டென்று அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அது பேச்சு வருமுன்பே வந்த பழக்கம். முதல் நாள், எஸ்பிளனேட் மைதானத்தில், அவர் காலும் என் காலும் உரசின. நான் சுக்கானை விட்டேன், குனிந்தேன், அவர் முழங்காலைத் தொட்டேன், கண்ணில் ஒற்றினேன். நிமிர்ந்தபோது லாரி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

நானா கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு, மென்றதை விழுங்கினார்.

"தம்பி, என் காலுக்கு ஒன்னும் ஆவாது. நீ சுக்கானப் புடி. மனுசனக் கும்பிடறது எங்களுக்கு ஆகாது. என்னையும் பாவத்துல தள்ளி, வண்டியையும் கடல்ல தள்ளிடாதே."

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சுற்றில் மறுபடி கால் பட்டது, மறுபடி குனிந்தேன். எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் படித்தது நான்தானே, என் கை அல்லவே. அதற்கு ஒரு வரி தெரியாது. பழக்கத்தை விடவேண்டுமென்று வீட்டில் பயிற்சி வைத்தேன். பலகையில் உட்கார்ந்து, தட்டைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு, மனைவியைப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை உதைக்கச் சொன்னேன். புருஷன்மேல் கால் படுவதா என்று அவள் முதலில் மறுத்தாள். பிள்ளையை நினைத்துக்கொள் என்றேன். பட்டும் படாமலும் ஒரு முறை இடித்தாள், உடனே என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தட்டு உருண்டு போய் அடுப்படியில் விழுந்தது. இந்தப் பயிற்சி அன்றோடு முடிந்தது.

ஆனாலும் மெல்ல மெல்ல லாரி எனக்குப் பிடிபட்டது. நானாவின் காலுக்கு எட்டாமல் என் காலை ஒடுக்கி வைத்துக்கொள்ளக் கற்றேன். கியர் மாற்றும்போது எழுந்த சத்தம் குறைந்தது. லைசென்ஸ் சோதனைக்கு முந்தின நாள், எல்லாம் சரிதான் என்பதுபோல் நானா ஒரு கை கடலையை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கி ஏறப்போற தொரைக்கு நீட்டுக் காலு. நல்லா ஒதுங்கி உக்காரு."

இன்ஸ்பெக்டர் துரைக்கு உண்மையிலேயே நீளமான கால்கள். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை, அதற்குக் கீழே என் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய பூட்ஸ். அந்தக் குறுகிய இடத்தில் முழங்காலை வைக்க வழியில்லாமல் இரண்டு பக்கமும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

மைதானத்தைச் சுற்றினேன். பின்னால் எடுத்தேன். பீச் ஸ்திரீட்டில் ரிக்‌ஷாக்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் நடுவே யாரையும் கொல்லாமல் போனேன். துரை ஒருமுறை தலையைக்கூட அசைத்தார். பிள்ளை பினாங்கில்தான் பிறக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மகனானால் என்ன பெயர் வைப்பது என்பதுவரை மனம் போய்விட்டது. கடைத்தெருவுக்குள் திரும்பச் சொன்னார். திரும்பினேன். ஒரு மாட்டு வண்டி குறுக்கே வர, நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன், சரியாக எங்கள் வாசகசாலைக்குக் கீழே.

மாடி ஜன்னலில் என் சபை முழுவதும் எட்டிப் பார்த்தது. தெருவில், எங்கள் கிடங்கிலிருந்து எண்ணெய்க் கடைக்கு வந்த கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் கடுக்கன்காரரும் இருந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையில் நான் ஒடுங்கி உட்காருவதை மறந்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வண்டி விலகியது. கிளட்சை விட்டேன். இடது கால் வழுக்கி, துரையின் பூட்ஸ்மேல் பலமாகவே இறங்கியது.

என்னைத் தடுக்க எனக்கே நேரம் இருக்கவில்லை. கை சுக்கானை விட்டது. குனிந்தேன். பூட்ஸைத் தொட்டேன். ஒரு கண்ணில் ஒற்றி, மற்ற கண்ணிலும் ஒற்றினேன். லாரி தன்பாட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு மசாலைக் கடையின் அஞ்சடி நடைபாதைக்கு முன்னால் அடுக்கியிருந்த மிளகாய் வற்றல் மூட்டைகள்மேல் ஏறி, உறுமி, அணைந்து நின்றது.

மூட்டைகள் வெடித்துக் கார நெடி கிளம்பியது. துரை இருமினார், நான் இருமினேன், தெருவே இருமியது. எங்கள் இருவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கீழே எதைத் தேடினாய் என்று துரை இருமலுக்கு நடுவே ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு காசு விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். நான் படித்தவன், உண்மையை விளக்க முற்பட்டேன். எங்கள் மரபு, மரியாதை, பாதம் என்று நீண்ட ஆங்கில வாக்கியம் ஒன்றைத் தொடங்கி, தும்மலில் முறித்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் பூட்ஸிடமா மன்னிப்புக் கேட்டாய்?" என்றார். பிறகு மலாயில், எல்லோருக்கும் புரியும்படி, இறங்கச் சொன்னார்.

இறங்கினேன். மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேச்சாளர் துரையின் காலில் விழுந்தார், தேம்பித் தேம்பி அழுதார், அப்படியும் விரட்டப்பட்டார். மிளகாய் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஜன்னலில் ஒரே சிரிப்பு. கடுக்கன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தோளில் மூட்டையோடு நின்றவர், நான் பார்ப்பதைக் கண்டதும் முகத்தை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்காததுபோல் இருந்துவிடுவது எவ்வளவு பெரிய மரியாதை என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவருக்கு நான் அதைச் செய்திருக்கவில்லை. மிளகாய் நெடி அடங்கிய பிறகும் என் கண் அடங்கவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன்னாலேயே செய்தி தவுக்கேயிடம் போயிருந்தது. நானாவிடம் படித்த வேறொருவரை லாரிக்கு வைத்துக்கொண்டார். அவருக்கு எழுத்து வாசனை இல்லை, எந்தக் கடைக்கு எந்தச் சரக்கு என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த இடம் கிடைத்தது. கிராணி நாற்காலி போய், டிரைவருக்குப் பக்கத்தில் கிளீனர் பலகை. கூலிக்காரர்களின் சம்பளம், மூட்டைக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும். கப்பல் ஏறவில்லை, பிள்ளை பினாங்கிலேயே பிறந்தது. மகன் அல்ல, மகள்.

முதல் நாள் காலை, லாரியில் மூட்டை ஏற்ற வந்தவர் கடுக்கன்காரர். மன்னிப்புக் கேட்க இரவெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அழகான வாக்கியம். மூட்டையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். அன்றைக்கு மேடையில் பேசினேனே, என்று தொடங்கினேன். அவர் தலையை அசைத்து நிறுத்தினார். அதுவரை என்னைக் கிராணி ஐயா என்று கூப்பிட்டவர், அன்றுமுதல் தம்பி என்றே கூப்பிட்டார்.

"அத விடு, தம்பி. நானும் விழுந்தேன், நீயும் விழுந்தே. எனக்கு வேலை தங்குச்சு, உனக்குப் போச்சு. விழுறதுக்கும் ஒரு மொறை இருக்குலா. மொதல்ல வண்டிய நிறுத்தணும்."