கோயில் கோதுமை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், எங்கள் ஊர் மாதா கோயிலுக்குக் கப்பலில் வந்த கோதுமையை அம்மா வாங்க மறுத்தாள். பெரியதாழைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்குச் சாமியார் அதைக் கொடுத்தார். கூடவே எண்ணெயும் பால் மாவும் உண்டு. அப்பா போன கட்டுமரம் ஐப்பசிக் காற்றில் திரும்பவில்லை. கூடப் போன இருவரின் வீடுகளிலும் அந்தக் கோதுமையில்தான் கஞ்சி காய்ச்சினார்கள். எங்கள் வீட்டில், அத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவரும் அரிசிதான்.

அம்மாவுக்குக் கோதுமை பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கடற்கரையில் சோற்றைத் தவிர மற்றதெல்லாம் காய்ச்சல்காரர் சாப்பாடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பால் மாவை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு என் முன்னால் நடமாடும்போது, அம்மாவின் நாக்கு ருசியை நினைத்து எனக்கு எரிச்சலாக வரும்.

காரணம் வேறு. இறந்தவருக்குப் பூசை வைத்த வீட்டுக்குத்தான் அந்த உதவி என்பது ஊர் வழக்கம். "பூசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்காக வாங்கிக்கொள்ளட்டும்" என்று சாமியார் ஆள் அனுப்பிச் சொன்னார். அம்மா அசையவில்லை. கடலுக்குப் போனவரின் பங்கை எடுத்துவைக்காமல் எங்கள் ஊரில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். இருக்கிற கஞ்சியிலும் முதல் அகப்பை அப்பாவின் வட்டிலுக்குப் போகும். மூடிவைத்த அதைக் காலையில் நானும் தம்பியும் குடிப்போம்.

ஒருநாள் அத்தை வெறுங்கையோடு வந்தாள். அப்பாவின் அக்கா அவள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"எங்க வீட்டுலயும் அரிசி இல்லளா. போயி அந்தக் கோதுமைய வாங்கு."

"அவிய சிலோன் பக்கம் ஒதுங்கியிருப்பாவ மைனி. முன்ன ஒரு கட்டுமரம் அப்படி ஒதுங்கித் திரும்பி வரலியா?"

"சரி, வாரான்னே வச்சுக்க. பிள்ளைகள ஏன் இப்படிப் பட்டினி போட்டன்னு என் தம்பி கேட்டா என்ன சொல்லுவ?"

அம்மா அப்பாவின் வட்டிலை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் தம்பி கிறுகிறுத்து விழுந்தான். அவனை வீட்டில் கிடத்திவிட்டு அம்மா தலையை மூடிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசைக்குச் சொல்லிவிட்டு, கோதுமையோடு திரும்பினாள்.

அன்று சாயங்காலம் கஞ்சி கெட்டியாக இருந்தது. அம்மா எங்கள் இருவருக்கும் ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள். பானையைச் சுரண்டி மிச்சத்தையும் எங்களுக்கே போட்டாள். அப்பாவின் வட்டில் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

வயிறு நிறைந்த சந்தோஷத்தில், "அம்மாவுக்கும் கோதுமை பிடிச்சிட்டுலே" என்று தம்பியிடம் சொன்னேன்.