கடலில் இருக்கிறார் என்று ஜெபித்தோம், அவர் மலையில் இருந்தார்

2007-ஆம் வருடம் ஜூன் மாதம் என் கணவர் என்னிடம் பொய் சொல்லிவிட்டு உலகத்தின் மறுபக்கத்துக்குப் போனார். போன இடத்தில் மூச்சுவிட முடியாமல் விழுந்தார். இரண்டும் எனக்கு ஒரே நாளில் தெரியவந்தன. வீட்டு விஷயத்தை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். இப்போதும் யோசனைதான். ஆனால் கர்த்தர் செய்ததை நான் எப்படி மறைப்பது?

அப்போது நாங்கள் ஷார்ஜாவில் ரோலாவுக்குப் பக்கத்தில் இருந்தோம். மகன் ஜெபினுக்கு ஒன்றரை வயது. வீசிங் உண்டு. அவன் மூச்சைக் கவனித்துக் கவனித்தே என் தூக்கம் போய்விட்டது. கணவர் துபாயில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். சில சமயம் கடலுக்கு நடுவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை இருக்கும். ஆஃப்ஷோர் டூட்டி என்பார்கள். போனால் இரண்டு வாரம் போன் கிடையாது.

அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், ஆபீஸில் நன்றாக வேலை செய்தவர்களைப் பெரு நாட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றார். செலவு கம்பெனியுடையது, லீவ் மட்டும் நம்முடையது. வழிகாட்டியோடு நாலு நாள் மலையில் நடந்து, கூடாரத்தில் தங்கி, இன்கா ராஜாக்கள் கட்டிய பழைய கல் நகரத்தைப் பார்க்கலாமாம். "பிள்ளைய வச்சுக்கிட்டு நான் தனியா என்ன செய்வேன்? வேண்டாங்க" என்றேன். "சரி, விடு" என்றார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மே மாதம் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம். "லீவ் தர மாட்டேங்கிறாங்க" என்றார். குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யப் பயந்து நானும் போகவில்லை. மெயிலில் வந்த கல்யாணப் போட்டோக்களைப் பார்த்து அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இன்று எதையும் விட அந்தக் கைதான் எனக்கு வலிக்கிறது.

ஜூனில் ஆஃப்ஷோர் டூட்டி என்று கிளம்பினார். வெள்ளிக்கிழமை ஆராதனையில் வழக்கம்போல ஜெபக் குறிப்பு கொடுத்தேன்: கடலில் இருக்கும் கணவருக்குப் பாதுகாப்பு வேண்டும். சபை முழுவதும் காற்றுக்கும் அலைக்கும் எதிராக ஜெபித்தது. வீட்டிலும் நான் தினமும் அப்படியே ஜெபித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை சூப்பர்மார்க்கெட்டில் சுதாவைப் பார்த்தேன். அவள் கணவரும் அதே ஆபீஸ்தான்.

"உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாருங்களா? மலை ஏற ஆரம்பிச்சிருப்பாங்கல்ல? எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி. ஆசையிருந்தும் போக முடியலைங்க."

"பண்ணினாரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் முன்னால் ஒன்றும் தெரியாதவளாக நிற்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆபீஸுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஒரு மலையாளிப் பெண். "சார் லீவ்ல அல்லே சேச்சி?" என்றாள். பிறகு தயங்கினாள். மலையில் நம் ஆட்களில் ஒருவருக்கு மூச்சுத்திணறல், கீழே இறக்குகிறார்கள் என்று தகவல் வந்ததாம். "அது உங்க சார்தான் சேச்சி. வேறொண்ணும் தெரியல. அங்க போன் கிடைக்கல."

தங்கை கல்யாணத்துக்குக் கிடைக்காத லீவ் இதுதான். கோபப்படவா, பயப்படவா? ஜெபினை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பொய் சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு நான் அவரை நெருக்கினேனா? இல்லை, சொல்லாமல் போக அவருக்கு என்ன உரிமை? அன்று எனக்கு ஜெபமே வரவில்லை.

மறுநாள் ஆராதனைக்குப் போனேன். ஜெபம் நடத்திய அண்ணன் என் கணவர் பெயரைச் சொல்லி, காற்றையும் கடலையும் அடக்கும்படி உருக்கமாகக் கேட்டார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, நிறுத்துங்க. அவரு கடல்ல இல்ல. மலையில இருக்காரு. என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிருக்காரு. இப்ப மூச்சு விட முடியாம கிடக்காராம்."

பக்கத்தில் இருந்த நாகர்கோவில் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார்.

"அழாத மக்கா. நாம அட்ரஸை மாத்திக் குடுத்தாலும் கர்த்தருக்கு ஆளத் தெரியும்லா? உன் வீட்டுக்காரன் திரும்பி வரட்டும், நான் கேக்குத கேள்வியில அவன் மறுபடியும் மலைக்கே ஓடிருவான். மொதல்ல உயிரோட வரட்டும்."

அழுகையோடு சிரித்துவிட்டேன். பிறகு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என் கோபத்தைப் பார்க்காமல் அவருக்கு மூச்சைக் கொடும்." இவ்வளவுதான் கேட்க முடிந்தது.

சனிக்கிழமை போன் வந்தது.

"நான்தான்" என்றார்.

"எங்க இருக்கீங்க?"

இன்னொரு பொய் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"பெருவுல. ஆஸ்பத்திரியில."

நடந்ததை வீட்டுக்கு வந்தபின் சொன்னார். உயரமான கணவாயைத் தாண்டும்போது நெஞ்சு அடைத்திருக்கிறது. கூட வந்தவர்கள், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், நகரம் பக்கத்தில்தான் என்று தைரியம் சொல்லியிருக்கிறார்கள். வழிகாட்டி மட்டும் அவர் உதடு நீலமாக மாறியதைப் பார்த்து, இனி ஒரு அடிகூட மேலே போகக்கூடாது என்று உறுதியாக நின்றிருக்கிறார். சுமைதூக்கிகள் அவரைக் கம்பளியில் கட்டி முதுகில் சுமந்து இறக்கியிருக்கிறார்கள். இன்னும் ஒரு இரவு அந்த உயரத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் கல் நகரத்தை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவ."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

நாங்கள் உண்மையைச் சொல்லி ஜெபிக்கும் முன்பே அவரை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படியென்றால், பொய்யை நம்பி ஏறெடுத்த ஜெபங்களைக்கூடக் கர்த்தர் தள்ளிவிடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணீர் வரும்.

அவர் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன் என்று நானும் சொன்னேன். அது முழுவதும் உண்மை என்று சொல்லமாட்டேன். டூட்டி என்று பையை எடுத்தால், இன்றும் அவராகவே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு என் கையில் கொடுப்பார். எனக்கு அது அவமானமாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும். முன்பு எனக்குப் பயந்து மறைத்தவர், இப்போது ஆசைப்பட்டதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுகிறார். நானும் உடனே வேண்டாம் என்று சொல்லாமல் முழுவதும் கேட்கப் பழகுகிறேன்.

சகோதரிகளே, நாம் சபையில் கொடுக்கும் ஜெபக் குறிப்பை எவ்வளவு அழகாக இஸ்திரி போட்டுக் கொடுக்கிறோம்! ஏமாற்றப்பட்டிருந்தால் ஏமாற்றப்பட்டேன் என்றே கர்த்தரிடம் சொல்லுங்கள். மன்னிக்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். என் கணவருடைய உயிரைக் கேட்டேன், கொடுத்தார். கணவர்மேல் எனக்கிருந்த நம்பிக்கையையும் திரும்பக் கேட்டிருக்கிறேன். அது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மீதியும் வரும் என்று காத்திருக்கிறேன். நீங்களும் என்னோடு காத்திருங்கள்.