கருவிழியின் இரண்டு வரைபடங்கள்

எங்கள் ஊர் திருப்பாலைக்குடியில் ரமலான் பிறை பார்க்கப் பள்ளிவாசல் மாடி நிரம்பிவிடும். இங்கே தோஹாவில் செல்போனே சொல்லிவிடுவதால் யாரும் மாடியேறுவதில்லை. பழக்கத்தை விட முடியாமல் சென்ற வருடம் நான் மட்டும் ஏறினேன். வலது கண்ணில் இரண்டு பிறைகள் தெரிந்தன. இடது கண்ணில் ஒன்றுதான். நான் டவர் கிரேன் ஓட்டுபவன். உச்சியில் உட்கார்ந்து, கீழே நிற்பவனின் கைச்சைகையைப் பார்த்து இரும்புக் கட்டை இறக்குபவனுக்கு எதுவும் இரண்டாகத் தெரியக் கூடாது. என் முதல் சந்தேகம் ஊர் ஆஸ்பத்திரிமேல் விழுந்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், விடுப்பில் வந்திருந்தபோது ராமநாதபுரத்தில் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். அங்கே எதையோ கெடுத்துவிட்டார்கள்.

கம்பெனி அனுப்பிய கிளினிக்கில் ஒரு பிலிப்பினோப் பெண் என் தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி, “நோ பிளிங்க்” என்றாள். கருவிழியின் வளைவும் கனமும் திரையில் வண்ணப் படமாக விரிந்தன. நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு சிவப்புத் திட்டு. மறுபடி அளந்தபோது எண்கள் லேசாக மாறின. உடனே சந்தேகம் இவர்கள்மேல் திரும்பியது. கம்பெனியில் ஆள் குறைக்கும் நேரம். இந்த எண்ணைக் காட்டியே என்னை அனுப்பிவிடுவார்களோ?

எகிப்திய டாக்டர், “டு யூ ரப்?” என்றார். என் காதில் இறைவனைக் குறிக்கும் ‘ரப்பு’ என்று விழுந்தது. என் ஈமானை, இறைநம்பிக்கையைச் சோதிக்கிறார் என்று நினைத்து, “அல்லாஹ் மை ரப்பு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. முஷ்டியால் தன் கண்ணைக் கசக்கிக் காட்டினார். “நோ, நோ” என்றேன். ஆபரேஷனுக்கு முன் எடுத்த பழைய அளவு வேண்டும் என்றார்.

ஊரிலிருக்கும் என் லாத்தாவை, மூத்த சகோதரியை, ராமநாதபுரம் அனுப்பினேன். “மறைப்பாங்க, விட்றாத” என்று சொல்லித்தான் அனுப்பினேன். மதியத்துக்குள் போன் வந்தது.

“கேட்ட ஒடனே குடுத்துட்டாக. யாரும் எதையும் மறைக்கலடா.”

“சும்மாவா குடுத்தாக? நல்லாப் பாத்தியா?”

“ஏலே, கேளு. நீ கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கு. கண்ணக் கசக்குற பழக்கம் உண்டான்னு கேட்டிருக்காக. இல்லன்னு டிக் அடிச்சிருக்க. சின்னப்புள்ளையிலருந்து பாக்குறேன், கசக்காத நாளு உண்டா? ஏன்டா பொய் சொன்ன?”

கையெழுத்துப் போட்ட நாள் நினைவுக்கு வந்தது. அன்று விடுப்பு முடியப் பத்து நாள்தான் இருந்தது. பழக்கம் உண்டு என்றால் இன்னும் சோதனை செய்ய வேண்டும், ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பிறகும் கிரேன் கூண்டுக்குள், மணல்தூசியில், கசக்கிக்கொண்டேதான் இருந்தேன். ஊரையும் இந்த நாட்டையும் மாறி மாறிச் சந்தேகப்பட்ட நான், என்னை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். லாத்தா வாட்ஸப்பில் அனுப்பிய பழைய படத்தைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லேசரில் மெலிந்த கருவிழி, கசக்கக் கசக்க இன்னும் மெலிந்து முன்னால் பிதுங்குகிறது என்றார். சொட்டு மருந்து விட்டு, ஒருவித ஊதா ஒளி பாய்ச்சி அதைக் கெட்டிப்படுத்தினார்கள். பழைய பார்வை திரும்பவில்லை, மேலும் கெடாமல் நின்றிருக்கிறது. கிரேனிலிருந்து இறக்கி என்னை ஸ்டோரில் போட்டார்கள்.

“வந்துருடா, இங்கன பாத்துக்கலாம்” என்கிறாள் லாத்தா. இனி வரும் சிறு மாற்றங்களை வேறு மெஷினில் அளந்தால் சரியாக ஒப்பிட முடியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இங்கேயே வர வேண்டும் என்கிறார் டாக்டர். அது வைத்தியமா, வியாபாரமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. கெடுவதற்கு முன்பிருந்த என் கண் ராமநாதபுரத்தில் ஒரு ஃபைலில் இருக்கிறது, இப்போதைய கண் இங்கே ஒரு கம்ப்யூட்டரில். அடுத்த அளவு முடிந்த மறுவாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், திரும்பி வருவதற்கும் சேர்த்து.